ஆராய்ச்சியில் இல்லாத அக்கா

என் தம்பி பிரபாகரன் தாய்ப்பாசத்தை ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆகப் போகிறான் என்பது பழவேற்காடு கடைத்தெருவில் தெரியாத ஆள் இல்லை. யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்று அம்மாவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஐஸ் கடையில் சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள், பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடச் சொன்னாள். ஆனால் அந்த ஆராய்ச்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அது நான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கும் இளவரசி. அவன் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிய இருநூற்று எண்பது பக்கத்தையும் அடித்து, திருத்தி, பக்க எண் போட்டு, அடிக்குறிப்புகளை அதனதன் இடத்தில் உட்கார வைத்தது இந்தக் கைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் தம்பியைப் பிடிக்காது. அம்மாவையும் பிடிக்காது. ஆறு வருடமாக அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் நான்தான் இன்சுலின் போடுகிறேன், நான்தான் மாதா மாதம் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பிடிக்காதவர்களுக்கும் ஊசி போடலாம். கை ஒன்றும் நடுங்காது.

அம்மா பேர் ரங்கம்மாள். என் வீட்டில் ஆறு வருடம் சாப்பிட்டும் இதை அவள் "மருமகப்புள்ள வூடு" என்றுதான் சொல்வாள். தன் வீடு என்றால் அது சென்னையில் தாம்பரம் பக்கம் தம்பி வாங்கியிருக்கிற பிளாட். அங்கே அவள் இரண்டு நாளுக்கு மேல் தங்கியது கிடையாது. "பிளாட்டுல காத்து வராதும்மா, உனக்கு ஒத்துக்காது" என்று மூன்றாம் நாள் அவனே பஸ் ஏற்றிவிடுவான். அவன் பெண்டாட்டி நிவேதா பஸ் நிறுத்தம் வரை வந்து சிரித்துக்கொண்டே கையாட்டுவாள். அம்மா திரும்பி வந்து, பிளாட்டின் டைல்ஸ் எப்படி மின்னியது என்று என்னிடமே ஒரு வாரம் சொல்வாள்.

நைனா சாகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. அம்மா இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போனேன். ஐஸ் தண்ணீரில் கை விட்டு இறாலின் தலையைக் கிள்ளிக் கிள்ளி, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். வீட்டுக்கு வந்து அவன் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடப் போனால், "க்கா, தொடாத, நாத்தம்" என்பான். அம்மா உடனே, "தொடாதடி, புள்ள படிக்குதுல்ல" என்பாள். அவளும் அதே கையோடுதான் வந்திருப்பாள். ஆனால் அந்தக் கையால் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். பதினோரு வயது வரை ஊட்டினாள். அப்போது மட்டும் நாற்றம் எங்கே போனதோ, எனக்குத் தெரியவில்லை.

பிளஸ் டூவில் இங்கிலீஷில் நான் நூற்று எழுபத்தொன்று. மூன்று வருடம் கழித்து அவன் நூற்றுப் பதினெட்டு. கல்லூரிக்குப் போனது அவன். நான் டைப்ரைட்டிங்குக்குப் போனேன். இதை இன்றைக்குச் சொன்னால், "பழச கெளறாத" என்பாள் அம்மா. நான் எதையும் கிளறவில்லை. அது மேலாகத்தான் கிடக்கிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். அவன் எடுத்துக்கொண்டது ஒரு ஆங்கில நாவல். எந்நேரமும் மழை பெய்கிற ஒரு ஊரில் ஒரு விதவை, ஊரார் துணி வெளுத்துப் பிழைக்கிறாள். அவளுக்கு எட்வின் என்று ஒரு மகன். அவன் சட்டைக்குப் பொத்தான் போடுவதிலிருந்து அவனுக்கு வரும் கடிதத்தைக் கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்துப் படிப்பது வரை எல்லாம் அம்மாதான். அவன் எந்தப் பெண்ணை நேசித்தாலும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கடைசியில் அவள் செத்த பிறகும் அவனால் யாரோடும் வாழ முடியவில்லை. உளப்பகுப்பாய்வு முறையில் பார்த்தால் இந்த அம்மா தன் புருஷன் இடத்தில் மகனை வைத்துக்கொண்டு அவனை விழுங்கிவிட்டாள் என்று என் தம்பி எழுதியிருந்தான். 'விழுங்குதல்' என்ற அந்த வார்த்தை மட்டும் எண்பத்து மூன்று தடவை வருகிறது. கணினியில் தேடினால் எண்ணிக்கை காட்டிவிடும்.

மேற்கோளைச் சரிபார்க்க நாவலையும் கொடுத்திருந்தான். கையில் கிடைத்த புத்தகத்தைப் படிக்காமல் விடுகிறவள் நான் இல்லை. ஜெராக்ஸ் கூட்டம் குறைந்த மத்தியான வேளைகளில், புரியாத வார்த்தையைப் போனில் பார்த்துப் பார்த்து, இரண்டு மாதத்தில் முடித்தேன். அந்த நாவலில் எட்வினுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். மேபல் என்று பெயர். கரி அள்ளுகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், அம்மா காய்ச்சலில் விழும்போதெல்லாம் மழையில் ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வருகிறாள். பாதிப் புத்தகத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அம்மாவின் சாவுக்கு வந்தாளா என்றுகூட எழுதவில்லை.

சரி, நாவல் எழுதியவன் விட்டுவிட்டான், ஆராய்ச்சி செய்கிறவனாவது கேட்டானா என்று தேடினேன். இருநூற்று எண்பது பக்கத்தில் மேபல் ஒரே ஒரு இடத்தில் வந்தாள். அடிக்குறிப்பு நாற்பத்தேழு. 'சகோதரி மேபலுக்கு இக்கதையில் உளவியல் பங்கு ஏதுமில்லை.' அதை அடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அது வெள்ளைக்காரி பாடு என்று நானும் விட்டிருப்பேன். முன்னுரையில், பதினான்காம் பக்கத்தில், ஆய்வாளர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு அவன் அனுப்பிய தாளை நான் இங்கிலீஷில் அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இந்த ஆய்வாளரும் ஒரு கடலோரக் கிராமத்தில் இறால் உரிக்கும் விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவன். பதினோரு வயது வரை தாயின் கையால் உண்டு, அவள் முந்தானை நுனியைப் பிடித்தபடி தூங்கியவன். மகனை விழுங்கும் அன்பு எப்படிப்பட்டது என்பதை உள்ளிருந்தே அறிந்தவன்.'

ஒரே பிள்ளை. இரண்டு தடவை படித்தேன். அந்தக் கையெழுத்தை மூன்றாம் வகுப்பில் பிடித்துப் பழக்கியதே நான்தான், எனக்கு அது தெரியாமல் போகாது. உடனே போன் போட்டேன்.

"பதினாலாம் பக்கத்துல ஒரே பிள்ளைனு போட்டிருக்கியே, நான் இன்னா ஆனேன்?"

"அதுவா," என்றான். கொஞ்சமும் பதறவில்லை. "அது தியரிக்கு வேணும்க்கா. அம்மா, புள்ள, ரெண்டே பேரு. நடுவுல அக்கானு ஒருத்தி வந்துட்டா ஆர்க்யூமென்ட் வீக் ஆயிடும். உனக்கு இதெல்லாம் சொன்னா புரியாது."

"நான் வந்து நின்னா ஒடஞ்சி போற ஆராய்ச்சிய எதுக்குடா எட்டு வருஷமா பண்ண?"

"பர்சனலா எடுத்துக்காதக்கா. அப்பால, பேஜ் மார்ஜின் கொஞ்சம் பாரு, லெஃப்ட்ல ஒன்றரை இன்ச் கேக்கிறாங்க."

ஒன்றரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. அவனுடைய வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். இதை அவனே ஒருநாள் பெருமையாகச் சொன்னான். சரி, நான் அங்கே வந்து கேட்கிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பட்டம் போனால் போகட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பத்துப் பேர் முன்னால் அம்மா என்னைப் பார்த்து, இவளும் என் வயிற்றில் பிறந்தவள் என்று சொல்ல வேண்டும். முப்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு ஆசை வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதுதான் ஆசை.

அம்மாவுக்கோ வேறு கவலை. ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் காது குத்துக்கும் ஃபிளெக்ஸ் உண்டு, புதுப் படகு எஞ்சினுக்கும் உண்டு. டாக்டர் பட்டத்துக்கு இல்லாமலா? கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"தாய்ப்பாசத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறும் தங்க மகனேனு பெருசா போடு. கீழ, பெற்ற தாய் ரங்கம்மாள்னு போடு."

"அவன் எழுதினது பாசத்தைப் பத்தினு உனக்கு யாரு சொன்னது?"

"பின்ன அம்மாவப் பத்தி இன்னாத்த எழுதுவான்? நீ பொறாமையில பேசாத."

படமும் அவளே தேர்ந்தெடுத்தாள். அவன் எம்.ஏ. பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. நடுவில் அவன், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். "நாங்க ரெண்டு பேரும் மட்டும் வர்ற மாதிரி பண்ணிடு" என்றாள். நானே மௌஸைப் பிடித்து என் தோள்பட்டையிலிருந்து கோடு இழுத்து என்னை வெட்டினேன். அவன் சட்டையில் என் கை மட்டும் மிச்சமிருந்தது. அதையும் அழித்தேன். கீழே வாழ்த்துவோர் வரிசையில் ஸ்டாம்பு அளவில் பதினாறு ஆம்பிளைகள் படம். அதில் என் புருஷன் தமிழ்வேந்தன்கூட உண்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரைவர் யூனிஃபார்மோடு எடுத்த படம். "பொம்பளைங்க படம் கம்பத்துல தொங்குனா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா, தன் படம் மூன்றடிக்கு வரப் போவதை மறந்துவிட்டு.

தேர்வு நாள் காலை தெருவே வேனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேர். பக்கத்து வீட்டு மரியம்மா புளிசாதம் கட்டியிருந்தாள். நான் அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, பைண்டு பண்ணிய புத்தகத்தை எடுத்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். போவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நல்லெண்ணம் எல்லாம் இல்லை. அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அதுவும் என் வீட்டில், என் கண் எதிரில். பதினான்காம் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"முந்தானையப் புடிச்சினு தூங்கினத எழுதியிருக்கானா?" அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "மறக்கலடி புள்ள. பாரேன்."

"உன் பாசம் அவன விழுங்கிடுச்சினு எழுதியிருக்கான்மா. நல்லதுக்குச் சொல்லல. உன்னாலதான் அவனுக்குத் தைரியமே இல்லாமப் போச்சினு எழுதியிருக்கான். எந்தப் பொண்ணையும் முழுசா நேசிக்க முடியலையாம்."

"நெசந்தானே? அந்த நிவேதாகூட அவனுக்கு இன்னா ஒட்டுதல் இருக்குது?" சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவனுக்கு நான்தான். எழுதிக் குடுத்துட்டான், பாரு."

திட்டை எல்லாம் தட்டோடு வாங்கித் தின்றுவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதையும் கேளு. அவன் ஒரே பிள்ளையாம். உனக்கு வேற பிள்ளையே கெடையாதாம். எழுதி, பைண்டு பண்ணி, லைப்ரரியில வெக்கப் போறாங்க."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ தெரியாது. ஆனால் கேட்டது இதைத்தான்: "அது பொய்யினு தெரிஞ்சா பட்டம் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க," என்றேன். எனக்கே நிச்சயமில்லை, இருந்தாலும் சொன்னேன்.

"அப்போ அங்க வந்து நீ வாயத் தொறக்காத."

"தொறப்பேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன். எழுந்து நின்னு சொல்லுவேன்."

"உன் வயிறு எரியுது," என்றாள் அம்மா. எழுந்து போய் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். வேனில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

தாம்பரத்தில், கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஏ.சி. போட்டிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் பின் வரிசைகளை நிறைத்தார்கள். நானும் அம்மாவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசினான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கூர்மையாகக் கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் வழவழவென்று பதில் சொன்னான். நான் தாளில் என் கேள்வியை இங்கிலீஷில் எழுதி, மடித்து, உள்ளங்கையில் வைத்திருந்தேன். கை வேர்த்து மை கலங்கிவிட்டது. பதினொன்றரைக்கு அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மயக்கம் வரும். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பிட்டு ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்று சொல்லி முடிக்கவில்லை, நான் எழப் போனேன். அதற்குள் தேர்வாளர் அம்மாள் முந்திக்கொண்டார். "முன்னுரையில ரொம்ப மனசு விட்டு எழுதியிருக்கார். அந்த அம்மா வந்திருக்காங்களா?" என்று தமிழில் கேட்டார். தெரு முழுக்கக் கை நீட்டிக் காட்டியது. அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "வணக்கம்மா. ஒரே பிள்ளைய வெச்சிக்கிட்டு, புருஷனும் இல்லாம வளர்க்கிறது எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும், இல்ல?"

மேடையில் தம்பியின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். நான் பாதி எழுந்த நிலையில் இருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு அவள் எழுந்து கை கூப்பினாள்.

"ஆமாம்மா. எனக்கு இவன் ஒரே புள்ள. வேற யாரும் கெடையாது."

"இவங்க?" என்றார் தேர்வாளர், பிஸ்கட்டும் பையுமாக இருந்த என்னைக் காட்டி.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு. தொணைக்கு வந்திருக்கு."

நல்ல தெளிவான குரல். திக்கவில்லை, திணறவில்லை. பின் வரிசையில் மரியம்மா எழுந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஆராய்ச்சியும் தெரியாது. அநியாயம் என்றால் மட்டும் தெரியும். "இன்னா ரங்கம்மா இது! பக்கத்து வூடு நானு. இளவரசிய இல்லேன்றியே, உனக்கு வாய் வருதா?"

"கம்முனு குந்து மரியம்மா!" என்று அம்மா திரும்பிக் கத்தினாள்.

தேர்வாளர் சிரிப்பை விட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நீங்க யாரு?"

எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன்! சொல்லியிருக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் பெற்றவள் இல்லையென்று சொன்ன பிறகு அந்த வார்த்தையை நானாக எடுத்து எனக்கே வைத்துக்கொள்ள எனக்குக் கூசியது.

"நான் இந்த ஆராய்ச்சிய டைப் பண்ணவ, மேடம்," என்றேன். "பதினாலாம் பக்கத்துல ஒரே பிள்ளைனு அடிச்சதும் நான்தான். நாற்பத்தேழாவது அடிக்குறிப்பு அடிச்சதும் நான்தான். மேபல் அந்த நாவல்ல மழையில அஞ்சு தடவ டாக்டரைக் கூட்டிட்டு வர்றா. அவளுக்குப் பங்கு எதுவும் இல்லைனு இவர் எழுதியிருக்கார். அவ போகலைன்னா அந்த அம்மா முதல் காய்ச்சல்லயே செத்திருப்பா, விழுங்கறதுக்கு ஆளே இருந்திருக்காது. இதைக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

தேர்வாளர் தாளைப் புரட்டினார். முதலில் பதினான்கு, பிறகு பின்னால் எங்கோ. மேடையில் இருந்தவனைப் பார்த்து, "பிரபாகரன், பதில்?" என்றார். நான் அந்தப் பதிலுக்காக நிற்கவில்லை. அம்மாவின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய் அவன் மேஜையில் வைத்தேன்.

"சாயந்திரம் ஏழரைக்கு ஊசி. பதினாறு யூனிட்டு, தொப்புளுக்கு ரெண்டு விரக்கடை தள்ளிப் போடணும். போட்ட அரை மணிக்குள்ள சாப்பாடு. ராத்திரி கால்ல எரிச்சல்னு சொன்னா தேங்காண்ணெ தேச்சிவுடு. பக்கத்து வூட்டுப் பொண்ணு இதுக்கு மேல செஞ்சா பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க."

திரும்பி நடந்தேன். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் என்னைவிட்டு மேஜை மேல் இருந்த பைக்குப் போனது, அங்கிருந்து அவனுக்குப் போனது. அவன் அவளைப் பார்க்கவில்லை, முதல் வரிசையில் இருந்த நிவேதாவைப் பார்த்தான். அப்போதுதான் அம்மாவின் முகத்தில் பயம் வந்தது. அந்தப் பயத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

வேன் திரும்பும்போது முன்சீட் காலியாக வந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. புளிசாதத்தையும் யாரும் பிரிக்கவில்லை. மரியம்மா மட்டும் பொன்னேரி வரை திட்டிக்கொண்டே வந்தாள். அவள் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் ஆறியது.

பட்டம் போகவில்லை. இந்த மாதிரிப் பட்டங்கள் அவ்வளவு சுலபத்தில் போகாது போலிருக்கிறது. முன்னுரையில் உண்மைக்கு மாறான தகவலைத் திருத்திக் கொடுக்க வேண்டும், நாற்பத்தேழாவது அடிக்குறிப்பை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு திருத்தம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான்காம் நாள் காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டால் அவன் மெயில். 'அக்கா, பேஜ் 14 புதுசா அனுப்பியிருக்கேன். இன்னிக்கே மாத்திக் கொடுத்துடு' என்று இருந்தது. வருத்தம், மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை.

படத்தைத் திறந்தேன். முழுப் பத்தியும் அப்படியே இருந்தது. இறால் ஷெட், விதவை, முந்தானை, விழுங்கும் அன்பு எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தையை மாற்றியிருந்தான். 'ஒரே பிள்ளை' என்று இருந்த இடத்தில் 'ஒரே மகன்'. இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. நானும் முடியாது. உண்மைதான், அவளுக்கு ஒரே மகன். அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டான். அதோடு மேபல் பெயரும் போய்விட்டது.

அடித்துக் கொடுத்தேன். நான்கு பிரதி எடுத்துக் கூரியரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. நிவேதாவின் நம்பர், ஆனால் பேசியது அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"இளவரசி, என்னை வந்து கூட்டினு போ. இங்க எனக்கு ஒத்துக்கலடி. ஊசி போடறதுக்கு ஒரு நர்சு பொண்ணு வருது, கை முரடு. மத்தியானத்துல எல்லாரும் பூட்டினு போயிடறாங்க."

"வர்றேன்," என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. ஆறு வருடப் பழக்கம். பிறகு சுதாரித்துக்கொண்டேன். "வர்றேன்மா. ஆனா ஒண்ணு சொல்லு. அங்க வந்து நிக்கும்போது இது யாருனு யாராச்சும் கேட்டா, நீ இன்னானு சொல்லுவே?"

"நீ மொதல்ல வா, அப்பால பேசிக்கலாம்."

"இப்போ சொல்லு. போன்லதான், யாரும் கேக்கப் போறதில்ல. என் பொண்ணுன்னு ஒரு தபா சொல்லு. சொன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. ஏதோ சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் காத்திருந்தேன். அவள் வாயைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாகச் சொன்னாள்:

"அவன் இங்கதான்டி உக்காந்துனு இருக்கான்."

போனை வைத்துவிட்டேன். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒரு பெண் வந்து நின்றாள், எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அம்மாவைக் கூட்டி வர நான் போகவில்லை.